ஜோடி மாறிய தாடைகள்

எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில் என் அண்ணிக்கு 'ஜோடி அக்கா' என்று பெயர். கேட்டவுடன் கல்யாணத் தரகர் என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணி செயற்கைப் பல் துறையில் டெக்னீஷியன். நான் அதே கல்லூரியில், மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருக்கும் அறையில் ஸ்டோர் கீப்பர். கல்லூரிக்குள் வரும் சாமான்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். சாமான் நன்றாக இருந்தால் பெயர் வாங்கியவருக்கு, மோசமாக இருந்தால் ஏச்சு எனக்கு. அண்ணன் தொலைதூர பஸ் ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஆக, அண்ணியிடம் வீட்டிலும் வேலையிடத்திலும் என்று இரண்டு வேளையும் திட்டு வாங்கும் பாக்கியம் எனக்கு ஒருவனுக்குத்தான் வாய்த்தது.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஆர்ட்டிகுலேட்டர். இந்தச் சொல்லைப் பல வருஷம் நான் பதிவேட்டில் எழுதினேனே தவிர, அது என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டதில்லை. ஸ்டோர் கீப்பருக்கு எண்ணிக்கை போதும், ஞானம் வேண்டாம் என்பது என் கொள்கை. அண்ணிதான் ஒருநாள் பொறுமை இழந்து, அதை என் மேசைமேல் வைத்து விளக்கினார். அது மனிதனின் வாயைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவரும் கருவி. உலோகத்தில் மேல் கை ஒன்று, கீழ்க் கை ஒன்று. நோயாளியின் மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் பிளாஸ்டரில் அச்செடுத்து, அந்தக் கைகளில் பொருத்திவிட்டால் போதும். ஆள் வீட்டுக்குப் போய்விடலாம். அவர் வாய் இங்கே திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதில் பார்த்துப் பார்த்துப் பல் அடுக்குவார்கள்.

காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து பாருங்கள், ஒரு மூட்டு அசையும். கருவியில் அந்த மூட்டுக்குப் பதிலாகக் கீழ்க் கையில் இரண்டு உருண்டைகள், மேல் கையில் அவை உட்கார இரண்டு பள்ளங்கள். எங்களிடம் இருந்த பழைய மாடலில் மேல் கையை அப்படியே தூக்கித் தனியே எடுத்துவிடலாம். வம்பு அங்கேதான் ஆரம்பம். ஒன்றின் மேல் கையை இன்னொன்றின் கீழ்க் கையில் வைத்தாலும் பொருத்தமாக உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் மயிரிழை அளவு மாறியிருக்கும். மயிரிழைதானே என்று கேட்டேன். "சாப்பாட்டுல ஒரு முடி கிடந்தா உங்க நாக்கு விடுதா?" என்றார் அண்ணி. 

எங்கள் கல்லூரியில் இருந்தவை இருபத்து நான்கு. ஒவ்வொன்றின் மேல் கையிலும் கீழ்க் கையிலும் அண்ணி சிவப்பு நகப்பூச்சால் ஒரே எண்ணை எழுதி வைத்திருந்தார். அவர் நகத்தில் நான் ஒருநாளும் நகப்பூச்சைப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு இரண்டு பாட்டில் வாங்குவார், இரண்டும் இந்தக் கருவிகளுக்கே போகும். மாணவர்கள் பிளாஸ்டரைக் கழுவிவிட்டு எண் பார்க்காமல் மாட்டினால், அண்ணி குரல் கீழ்த்தளத்தில் எனக்குக் கேட்கும். "ஜோடி மாத்தாதீங்கப்பா! வெளியில நீங்க எந்த ஜோடியை மாத்தினாலும் அது உங்க பாடு. என் மெஷின்ல மாத்தினா இன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாது." அப்படி வந்ததுதான் ஜோடி அக்கா.

இவ்வளவு கறார் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். மற்ற விஷயங்களில் அண்ணி தங்கமானவர். கண்ணாடிக் குடுவையை உடைத்தவனைக்கூட, கையில் கிழித்துக்கொண்டாயா என்றுதான் முதலில் கேட்பார். ஜோடி மாற்றியவனை மட்டும் மன்னிக்கவே மாட்டார். அந்தக் கோபத்துக்குக் கீழே ஒரு பயம் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கல்லூரியிலேயே முழுப் பல் செட் கட்டினார்கள். அண்ணி அங்கே வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் அது. அப்பா அந்தப் பல் செட்டை இரண்டு வாரம் போட்டுக்கொண்டார். பிறகு அது அவருடைய பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போயிற்று. கூடு சட்டைப்பைக்குள் போயிற்று. யாராவது போட்டோ எடுத்தால் பல் வெளியே வரும், எடுத்து முடித்ததும் பைக்குத் திரும்பிவிடும். சாப்பாட்டை மசித்துக் குழைத்து விழுங்குவார். கறி சமைத்தால் அவருக்குச் சாறு மட்டும். வெளியில் சாப்பிட வேண்டிய இடமென்றால் வரவே மாட்டார். பேச்சும் குறைந்துபோயிற்று.

"போட்டுப் பழகணும்ப்பா. பழகாம எப்படி வரும்?" என்று வீட்டில் எல்லாரும் சொல்லிப் பார்த்தோம். சொன்னதில் முதல் ஆள் நான். கேலி செய்ததிலும் முதல் ஆள் நான்தான். 'பாக்கெட்டில் சிரிப்பு வைத்திருக்கும் மனிதர்' என்று சொந்தக்காரர்களிடம் அவரை அறிமுகப்படுத்துவேன். பிடிவாதம், வயசான பிடிவாதம் என்று அவர் காதில் விழும்படியே சொல்லுவேன். அப்பா சிரிப்பார், வாயைத் திறக்காமல்.

அண்ணி மட்டும் அந்தக் கேலியில் சேர மாட்டார். "மாமா, ஒருதரம் வந்து காட்டுங்களேன், சரி பண்ணிடலாம்" என்று ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். "எல்லாம் நல்லாத்தான்மா இருக்கு. என் வாய்தான் சரியில்லை" என்று அப்பா தட்டிக்கழித்துவிட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

போன வருஷம் எங்கள் பழைய கருவிகளுக்குக் காலம் முடிந்தது. பள்ளங்கள் தேய்ந்து, திருகுகள் பிடிக்காமல், பாதி கருவிகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டப்பட்டிருந்தன. புதிதாக நாற்பது வாங்க அனுமதி வந்தது. வாங்குவதற்கு ஒரு கமிட்டி. துறைத்தலைவரான பெரிய டாக்டரம்மா அதற்குத் தலைமை. நோயாளிகளைப் பார்க்கும் பிரிவிலிருந்து சின்ன டாக்டர். மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவர், அவரை எல்லாரும் வாத்தியார் என்போம். மூன்று பேரும் டாக்டர்கள். நான்காவதாக, தினமும் கருவியைத் தொடுகிறவர் ஒருவர் வேண்டும் என்று பெரிய டாக்டரம்மா அண்ணியின் பெயரை எழுதினார். குறிப்பெழுத நான்.

கமிட்டி கூடும் முன்பே இரண்டு கட்சி ஆகிவிட்டது. சின்ன டாக்டருக்குப் பளபளப்பு பிடிக்கும். எந்தப் பக்கம் திருகினாலும் ஒரு அளவு, ஒரு கோணம் என்று இருபது திருகுகள் கொண்ட ஒரு பெரிய கருவியின் படத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். "ஒருத்தரோட தாடை எப்படி அசையுதோ அப்படியே இதுல கொண்டுவரலாம். சிகிச்சைன்னா அதுதான் சிகிச்சை" என்பார். வாத்தியாருக்கு அதெல்லாம் வீண். கதவுக் கீல் மாதிரி திறந்து மூடுகிற சின்னக் கருவி போதும் அவருக்கு. "பசங்க கீழ போடறதுக்கு இது போதாதா?" என்பார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அண்ணி என் அறைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். கம்பெனிக்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதம். ஒவ்வொரு மாடலிலும் சாம்பிள் ஒன்று அல்ல, நான்கு வேண்டும் என்றிருந்தது. அதுவும் நான்கும் வெவ்வேறு பெட்டியிலிருந்து.

"எதுக்கு அண்ணி நாலு? ஒண்ணைப் பார்த்தா தெரியாதா?"

"தெரியாது தம்பி. ஒண்ணு தனியா இருக்கிறப்ப எல்லாமே நல்லதுதான்."

"கேட்டா கம்பெனிக்காரன் என்னை உதைக்க வருவான்."

"உங்களை உதைக்கிறதுக்கு அவன் எதுக்கு, நான் இருக்கேனே" என்றார். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் மேசையிலிருந்த முத்திரையை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார். "இந்தத் தடவை தப்பா வாங்கினா இன்னும் பதினஞ்சு வருஷத்துக்கு அதோடதான் மாரடிக்கணும். எத்தனை பேரோட வாய் அதுல ஏறி இறங்கும், யோசிங்க" என்றார். பிறகு, "எனக்கு அங்க பேசணும். பேசுவேனான்னுதான் தெரியல" என்றார். இருபது பேர் எதிரில் மாணவர்களை விளாசும் மனுஷி, நான்கு பேர் கமிட்டியில் பேசப் பயப்படுகிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அடுத்த நாள் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து வாயில் களிம்பை அப்பினார். சோதனைக்கு எல்லாப் பல்லும் இருக்கிற ஒரு வாய் வேண்டுமாம். "உங்க வாய் எப்படியும் நாள் முழுக்கத் திறந்துதானே இருக்கு" என்றார். என் தாடை இரண்டும் பிளாஸ்டரில் வெள்ளை வெளேரென்று வந்தன. என் கீழ்ப்பல் ஒன்று கோணல் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கமிட்டி கூடிய நாளில் லேபின் நீள மேசைமேல் மூன்று மாடலும் நான்கு நான்காகப் பன்னிரண்டு கருவிகள் வரிசையாக நின்றன. ஜன்னல் வழியாக வெயில் விழுந்து சின்ன டாக்டரின் மாடல் கண்ணைப் பறித்தது. அவர் அதைத் தடவிக் கொடுக்காத குறை. ஒரு கம்பெனிக்காரர் மட்டும் நான்கு கொண்டுவந்த கோபத்தில் மூட்டை தூக்கியவர்போலச் சுவரோரம் நின்றார்.

அண்ணி முதலில் திருகுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "தம்பி, போன வருஷம் எத்தனை ஸ்க்ரூ குடுத்தீங்க?" என்றார். அன்று என்னால் ஆன ஒரே உதவி அதுதான். பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னேன், நாற்பத்தொன்பது. கழுவும் தொட்டியில் விழுந்து பிளாஸ்டரோடு போன திருகுகள் அவை. "முழுசாக் கழண்டு வர்ற ஸ்க்ரூ எதிலயும் வேண்டாம்" என்றார் அண்ணி. வாத்தியார் தலையாட்டினார். பிறகு என் தாடைகளை, அவை ஒட்டியிருந்த மாட்டும் தட்டோடு எடுத்து, கீல் மாதிரியிருந்த சின்னக் கருவியில் பொருத்தினார். வாத்தியாரைப் பார்த்து, "இப்ப இவரைப் பக்கவாட்டுல மெல்லச் சொல்லுங்க" என்றார். கருவி திறந்தது, மூடியது. பக்கவாட்டில் அசையவே இல்லை. மனிதன் மெல்லும்போது தாடை பக்கவாட்டிலும் போகிறது. மேலும் கீழும் மட்டும் போவது கதவுதான். "இதுல கத்துக்கிட்ட பையன் நோயாளி வாயைப் பார்த்ததும் முழிப்பான், சார்" என்றார் அண்ணி. வாத்தியார் முனகினார், ஆனால் மறுக்கவில்லை.

அடுத்தது பளபளப்பு. ஒன்றாம் கருவியில் என் தாடைகள் ஏறின. இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லுக்கு நடுவே, மூச்சு விட்டால் பறக்கும் அளவு மெல்லிய ஒரு உலோகத் தாளை வைத்து மூடி, அண்ணி இழுத்தார். வரவில்லை. பல் கவ்விப் பிடித்திருந்தது. சின்ன டாக்டர் புன்னகைத்தார். அண்ணி தாடைகளைக் கழற்றி இரண்டாம் கருவியில் மாட்டினார். மறுபடி தாள். இடது பக்கம் வெண்ணெயில் கத்திபோல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்றாம் கருவியின் மேல் கையைத் தூக்கி ஒன்றாம் கருவியின் கீழ்க் கையில் வைத்தார். இப்போது இரண்டு பக்கமும் வழுக்கியது. என் வாய் அங்கே நாலு பேர் எதிரில் தோற்றுக்கொண்டிருந்தது. அந்த அறையில் பேசக்கூடாத ஒரே ஆள் நான்தான்.

"இது என்ன சோதனை?" என்றார் சின்ன டாக்டர். குரல் ஏறியிருந்தது. "மேலயும் கீழயும் மாத்தி மாத்தி வச்சா எந்த மெஷினும்தான் தப்பாப் போகும். அப்படி யாரு மாத்துவாங்க? எண் பார்த்து மாட்டினா முடிஞ்சது. பைத்தியக்காரன் பண்ற தப்பை வச்சு ஒரு நல்ல மெஷினைத் தள்ள முடியுமா?"

பெரிய டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கேம்மா. சோதனை கொஞ்சம் அதிகமாத்தான் படுது" என்றார். என்னைப் பார்த்து, "இதைக் குறிப்புல சேர்க்க வேண்டாம்" என்றார். நான் பேனாவை மூடினேன். அண்ணியின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"நான்தான் மாத்தினேன்" என்றார் அண்ணி.

யாருக்கும் புரியவில்லை. அண்ணி மறுபடி சொன்னார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். விடுமுறை. அடுத்த வாரம் பார்வையிட ஆட்கள் வரப்போகிறார்கள். லேபில் தனியாக இருந்தார். கருவிகள் எல்லாம் பிளாஸ்டர் அப்பிக் கிடந்தன. நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில் இருபத்து நான்கின் மேல் கைகளையும் கழற்றி ஒரு தொட்டியிலும், கீழ்க் கைகளை இன்னொரு தொட்டியிலும் வெந்நீரில் ஊறப்போட்டார். தேய்த்து, துடைத்து, எண்ணெய் போட்டு, கைக்கு வந்ததை வந்தபடி மாட்டி அடுக்கினார். அப்போது எண் கிடையாது. லேப் பளபளவென்று ஆயிற்று. பார்வையிட வந்தவர்கள் பாராட்டினார்கள்.

"பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன், மேடம். கடி தெரிய நீலத்தாள் வச்சுப் பார்த்தா தடம் விழக்கூடாத இடத்துல விழுது. அதுக்குள்ள நாலு பேருக்குப் பல் முடிச்சுக் குடுத்தாச்சு. மெழுகுல அடுக்கி வாயில போட்டுப் பார்த்தப்ப எல்லாம் சரியாத்தான் இருந்தது. கடைசியா மெஷின்ல ஏத்தித் தேய்ச்சோமே, அங்கதான் தப்பு. தேய்க்கக்கூடாத இடத்தைத் தேய்ச்சுட்டோம். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் ஒவ்வொரு ஜோடியாப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல. வேலை போயிடும்னு பயம்."

பெரிய டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அந்த நாலு பேர்?" என்றார் பெரிய டாக்டரம்மா.

"மூணு பேரு வலிக்குதுன்னு வந்தாங்க. சரி பண்ணிக் குடுத்தாச்சு. நாலாவது ஆள் வரவே இல்ல."

"யாரு அது?"

"எங்க மாமா" என்றார் அண்ணி. "இவரோட அப்பா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு வருஷமாக நான் அடித்த ஒவ்வொரு கேலியும் வரிசையாக நினைவுக்கு வந்தது. பாக்கெட்டில் சிரிப்பு வைத்திருக்கும் மனிதர். வயசான பிடிவாதம். எனக்கு அண்ணிமேல் கோபம் வந்தது, உண்மை. அதைவிட அதிகமாக என்மேல் வந்தது. அப்பாவின் வாயைப் பற்றி ஆயிரம் பேசியவன், ஒருதரமாவது அவர் எதிரில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டதில்லை.

பெரிய டாக்டரம்மா எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசையருகே வந்து, மூன்றாவது மாடலைத் தன் பக்கம் இழுத்தார். நடுத்தரமான கருவி, பக்கவாட்டிலும் அசையும். அளவு மாற்ற நான்கைந்து திருகுகள் மட்டும், எதுவும் முழுசாகக் கழன்று வராது. "மாத்திக் காட்டுங்க" என்றார்.

அண்ணி மாற்றினார். ஒன்றின் மேல், மூன்றின் கீழ். தாள் நின்றது. நான்கின் மேல், இரண்டின் கீழ். நின்றது. பெரிய டாக்டரம்மா தானே வாங்கி நான்கையும் தாறுமாறாகக் கலைத்துப் போட்டு மாட்டினார். இழுத்தார். நின்றது. என் வாய்க்கு அன்று கிடைத்த முதல் வெற்றி அது. சின்ன டாக்டரிடம் தாளை நீட்டினார். அவரும் இழுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும், இரண்டு தடவை.

"எண்பது பசங்க, நாற்பது மெஷின்" என்றார் பெரிய டாக்டரம்மா. "தாடையைக் கழற்றி எடுத்துட்டுப் போவான், நாளைக்கு வேற மெஷின்ல மாட்டுவான். வகுப்புல பொருத்தினது அப்படியே சிகிச்சைப் பிரிவுக்குப் போகணும். இதுல எவன் மாத்த மாட்டான்னு நான் சத்தியம் பண்ண முடியும்?" பிறகு சின்ன டாக்டரைப் பார்த்தார். "உங்களுக்கு அஞ்சு மட்டும் இதே மெஷின் குடும்பத்துலயே இன்னும் கொஞ்சம் திருகு உள்ளதா வாங்கிக்கலாம். தட்டு ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். சரியா?"

சின்ன டாக்டர் படத்தைப் பையில் வைத்தார். "சரி மேடம்" என்றவர், அண்ணி பக்கம் திரும்பி, "பைத்தியக்காரன்னு சொன்னது..." என்று இழுத்தார். "விடுங்க சார், நான் அதைவிட மோசமா என்னைத் திட்டியிருக்கேன்" என்றார் அண்ணி.

பெரிய டாக்டரம்மா கிளம்பும்போது சொன்னது ஒன்றுதான். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். அது தப்பு. தெரியுதுல்ல?" அண்ணி தலையசைத்தார். "புது மெஷின் வந்ததும் முதல் ஆள் உங்க மாமா. கூட்டிட்டு வாங்க." என்னிடம், "இப்ப எல்லாத்தையும் குறிப்புல எழுதுங்க" என்றார். எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கு மகா மோசம்.

வீட்டுக்கு நடந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரே குடையில் நான் பாதி நனைந்தேன். பஸ் நிறுத்தம் தாண்டியதும் அண்ணி கேட்டார்.

"கோபமா தம்பி?"

"ஆமா" என்றேன். "சொல்லியிருக்கலாம்ல அண்ணி."

"ஒவ்வொரு நாளும் சாறை ஊத்துறப்ப சொல்லணும்னுதான் நினைப்பேன். நீங்க ஏதாவது கேலி பண்ணுவீங்க, எல்லாரும் சிரிப்பாங்க, அப்படியே விழுங்கிடுவேன்." கொஞ்சம் நடந்து, "நீங்க முந்திக்காதீங்க. நான்தான் சொல்லணும்" என்றார்.

அப்பா ஹாலில் மடக்கு மேசைமேல் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தார். அண்ணி ஈரச் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அவர் எதிரில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொன்னார். சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார்.

அப்பா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து அந்தக் கூட்டை எடுத்துத் திறந்து, பல் செட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் வாய் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"உங்க வாய்ல ஒரு குறையும் இல்ல மாமா. தப்பு எங்களோடது."

"போட்டா இந்தப் பக்கம் முள்ளு மாதிரி குத்தும்மா. உன்கிட்ட சொல்லலாம்னு எத்தனையோ தடவை வந்தேன். புதுசா வேலைக்குப் போன பொண்ணு. மாமனாரே வந்து குறை சொன்னா அங்க உன்னை என்ன நினைப்பாங்க? அதான் பையில வச்சுக்கிட்டேன்."

அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டார். ஒருவருக்கொருவர் நல்லது நினைத்து ஆறு வருஷம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் நான் ஒருவன் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா?"

"கேட்டேன்ப்பா."

"பிடிவாதம்னியே."

"தப்புதாம்ப்பா" என்றேன். அப்பா அண்ணியின் தலையில் கை வைத்து, "எழுந்து போய் ஈரத்தை மாத்தும்மா, சளி பிடிக்கப்போகுது" என்றார். கோபம் இல்லாமல் இல்லை. அன்று முழுக்க என்னோடு அவர் பேசவில்லை. ரேடியோவையும் திரும்பப் பூட்டவில்லை.

புதுக் கருவிகள் இரண்டு மாதத்தில் வந்தன. பெட்டி பிரித்ததும் அண்ணி நகப்பூச்சோடு வந்து நின்றார். "இதுலதான் ஜோடி மாறினா ஒண்ணும் ஆகாதே, எதுக்கு எண்ணு?" என்றேன். "அது எழுதறது மெஷினுக்கு இல்ல, எனக்கு" என்று சொல்லி, நாற்பதுக்கும் மேல் கையிலும் கீழ்க் கையிலும் எழுதிவிட்டுத்தான் எழுந்தார். ஒன்றாம் எண்ணில் அப்பாவின் தாடைகள் ஏறின. பெரிய டாக்டரம்மாவே அளவெடுத்தார். பல் அடுக்கியது அண்ணி. அப்பா ஐந்து தடவை வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் எங்கே குத்துகிறது, எங்கே குத்தவில்லை என்று விலாவாரியாகச் சொன்னார். சின்ன டாக்டர் மாணவர்களை அழைத்துவந்து பக்கத்தில் நிறுத்தி, "நோயாளின்னா இப்படிச் சொல்லணும்" என்றார். அப்பாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

பல் வந்து மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை. அண்ணனும் வீட்டில் இருந்தார். கறி சமைத்திருந்தது. பழக்கத்தில் அண்ணி அப்பாவின் தட்டில் சாறை ஊற்றப் போனார், பிறகு கரண்டியை மாற்றிக்கொண்டு இரண்டு துண்டு வைத்தார். அப்பா முதல் துண்டை எடுத்து வாயில் போட்டு, ஒரு பக்கம் மென்றார், மறு பக்கம் மென்றார். நாங்கள் எல்லாரும் சாப்பிடுவதாகப் பாவனை செய்துகொண்டு அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என் வாயை என்ன வேடிக்கை பார்க்கிறீங்க, சாப்பிடுங்க" என்றார். ஸகரம் சகரம் எல்லாம் பிசிறில்லாமல் வந்தது. பிறகு ரேடியோ கடைக்காரன் தன்னை ஏமாற்றிய கதையை ஆரம்பித்தார். வயசாகி அடங்கிப்போனார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், நிறுத்துவதாகவே இல்லை. என்னை நடுவில் இரண்டு தடவை திட்டினார். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் மூக்குக்கண்ணாடி இருந்தது.

கதை முடிந்ததும் தட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. அதை அண்ணி பக்கம் நகர்த்தி, "இன்னும் ரெண்டு துண்டு போடும்மா" என்றார்.

ஆறு வருஷத்தில் அப்பா இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை. அண்ணிக்குக் கரண்டி பிடிக்கக் கை வரவில்லை. நான்தான் எழுந்து போய்ப் போட்டேன்.